டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். வட கரோலினாவில், கேரியில் குடும்பத்தோடு இருக்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாறு என்றால் எனக்குப் பைத்தியம். போன வருடம் 1860 கோல்ட் ஆர்மி ரிவால்வரின் இத்தாலிய நகல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கருமருந்து, ஈயக் குண்டு, தட்டினால் வெடிக்கும் சிறு கேப் எல்லாம் தனித்தனியாக வைத்துச் சுடும் பழைய மாடல். ஃபாரம் இல்லை, பின்னணிச் சோதனை இல்லை. பீட்சா மாதிரி வாசலில் வந்து இறங்கியது. "ஃபெடரல் சட்டப்படி இது துப்பாக்கியே இல்லை" என்று விற்றவர் சொன்னார். ஜூலையில் காரில், பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குப் போகிறோம். பக்கத்தில் நண்பர் ஒருவரின் கிளப் ரேஞ்சில் சுட்டுப் பார்க்கத் திட்டம். அப்புறம் நியூஜெர்சி எடிசனில் கல்லூரி நண்பன் வீட்டில் இரண்டு நாள்; அவனுக்கும் காட்ட வேண்டும். துப்பாக்கியே இல்லை என்றால் எந்த மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம்தானே? அடுத்த முறை விமானத்தில் எடுத்துப்போக முடியுமா? பிற்பாடு ஊருக்கே கொண்டுபோய் வீட்டில் மாட்டிவைக்கவும் ஆசை.
பி.கு.: தோட்டா போட்டுச் சுடும்படி மாற்றும் கன்வெர்ஷன் சிலிண்டர் ஒன்றும் ஆர்டர் செய்திருக்கிறேன். அதனால் ஏதும் பிரச்சினை வருமா?
– பெயர் வேண்டாம், கேரி

பதில்: பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். கட்சிக்காரர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, கிளம்பும்போது கதவுப்பிடியில் கைவைத்தபடி "இன்னொரு சின்ன விஷயம் சார்" என்பார்கள். வழக்கு அங்கேதான் இருக்கும். உங்கள் பின்குறிப்பும் அந்த ரகம்.

அந்த சிலிண்டர் ஆர்டரை இன்றே ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்றால் துப்பாக்கியில் பொருத்திப் பார்க்காதீர்கள். "சும்மா ஃபிட் ஆகிறதா பார்ப்போம்" என்றுகூட வேண்டாம். அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'துப்பாக்கி' என்றால் என்ன என்று நீளமாக வரையறுத்துவிட்டு, முடிவில் ஒரு வரி போடுகிறது: பழங்காலத் துப்பாக்கி இதில் சேராது. 1898இலோ அதற்கு முன்போ தயாரானதெல்லாம் பழங்காலத் துப்பாக்கி. அவற்றின் நகல்களும் அப்படித்தான், இன்று சாதாரணமாகக் கடையில் கிடைக்கும், குண்டும் மருந்தும் ஒரே கூட்டில் அடைத்த தோட்டாவைப் போட்டுச் சுடும்படி செய்யப்படாதவரை. 1998இல் இன்னொரு வகையைச் சேர்த்தார்கள்: கருமருந்தையோ அதற்கு மாற்றான மருந்தையோ குழல் வாய்வழியாகப் போட்டு இடித்து நிரப்பும், தோட்டா போடவே முடியாத துப்பாக்கிகள். உங்கள் ரிவால்வர் இரண்டாவது வகை, அதாவது நகல். நேற்று இத்தாலியில் செய்ததானாலும் சட்டத்தின் கண்ணில் அது தாத்தா காலத்துப் பொருள்.

இப்போது உங்கள் விசாவுக்கு வருவோம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இது ஃபெடரல் குற்றவியல் தொகுப்பின் 922ஆம் பிரிவு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இன்னும் ஓரிரு விலக்குகளும் உண்டு. மற்றபடி தடை தடைதான். 2022இல் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. டெக்சாஸ் நண்பர் அழைத்தார் என்று ரேஞ்சுக்குப் போய், அவருடைய பிஸ்டலைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, அதை ஊருக்கும் அனுப்பிவைப்பார்கள்.

ஆக, உங்கள் வீட்டில் அந்த ரிவால்வர் இருப்பது குற்றமாகாததற்கு ஒரே காரணம், அது 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் வராததுதான். தோட்டா சிலிண்டரைப் பொருத்தினால் அந்தக் காரணம் போய்விடுகிறது. முந்தின நிமிடம் வரை பழம்பொருள். அடுத்த நிமிடம் எச்-1பிக்காரர் கையில் துப்பாக்கி. துப்பாக்கியை விடுங்கள், மேசை இழுப்பறையில் .45 கோல்ட் தோட்டா ஒன்று கிடந்தாலே அது தனிக் குற்றம். சிலிண்டர் விற்பவருக்கு உங்கள் விசா தெரியாது. அவர் கேட்கவும் மாட்டார்.

சரி, பயணம்.

"துப்பாக்கியே இல்லை" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். ஃபெடரல் சட்டத்தைப் பொறுத்தவரை அது துப்பாக்கி இல்லை. வழியில் வரும் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை: ஃபெடரல் சட்டம் இதைத் துப்பாக்கி இல்லை என்று விட்டுவிட்டதால், துப்பாக்கிக்காரர்களுக்கு அது தரும் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லாமல் போகிறது.

1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன் 926ஏ பிரிவைத்தான் 'பாதுகாப்பான கடந்துசெல்கை' என்பார்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரி என்றால், நடுவில் வரும் மாநிலத்தின் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கடந்து போகலாம். குண்டு நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், கிளவ் பாக்ஸ் அந்தப் பெட்டி ஆகாது. நல்ல பிரிவுதான். ஆனால் அது பேசுவது 'துப்பாக்கி'யைப் பற்றி. அந்தச் சொல்லுக்கு அதே அத்தியாயத்தின் வரையறைதான் பொருள். பழங்காலத் துப்பாக்கி அதில் இல்லை. இதற்கும் பொருந்தும் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். உங்கள் வாழ்க்கையைப் பணயம் வைத்து அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

ஒரு பேச்சுக்கு, நீதிபதி மனமிரங்கி "சரி, இதையும் துப்பாக்கியாகவே எடுத்துக்கொள்வோம்" என்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்கு மட்டும்தான். வேட்டை லைசென்ஸ் இல்லாத எச்-1பிக்காரருக்குத் தடை இருக்கிறது. துப்பாக்கி இல்லை என்றால் பிரிவு பொருந்தாது, துப்பாக்கி என்றால் நீங்களே குற்றவாளி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஆகவே 926ஏ என்ற பேச்சையே மறந்துவிட்டு, கால் வைக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்துக்கும் தனித்தனியாகக் கட்டுப்பட்டவர் நீங்கள் என்று நினைத்துத் திட்டமிடுங்கள்.

அந்தக் கணக்கில் எடிசன் வராது.

நியூஜெர்சி சட்டத்தில் 'பழங்காலத் துப்பாக்கி' என்ற வரையறை இருக்கத்தான் செய்கிறது. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ரைஃபிள் உண்டு, ஷாட்கன் உண்டு, பழங்காலப் பீரங்கிக்குக்கூட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கைத்துப்பாக்கி மட்டும் இல்லை. வெடிமருந்து பற்றிக்கொண்டு குண்டைத் தள்ளும் எதுவும் அங்கே துப்பாக்கி. ஒரு கையால் சுடும்படி செய்தது எதுவும் கைத்துப்பாக்கி. உங்கள் 1860 ஆர்மியும் இன்று கடையில் வாங்கிய கிளாக் பிஸ்டலும் அங்கே ஒரே தட்டில். பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு சிறை, அதில் 42 மாதமாவது பரோல் இல்லாமல் கழிக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. வேறு மாநிலத்துப் பெர்மிட் எதையும் நியூஜெர்சி ஏற்பதில்லை.

"பழைய சாமானுக்கு யார் சார் கேஸ் போடப்போகிறார்கள்?" என்று நினைப்பீர்கள். போட்டார்கள். 2014 நவம்பரில் கம்பர்லண்ட் கவுண்டியில் 72 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரை நிறுத்தினார்கள். கிளவ் பாக்ஸில் 18ஆம் நூற்றாண்டின் ஃபிளின்ட்லாக் பிஸ்டல் ஒன்று இருந்தது. சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி விழுந்தால்தான் வெடிக்கும். குண்டு நிரப்பவும் இல்லை. தன்னிடம் அது இருக்கிறது என்று சொன்னதே அவர்தான். வழக்கு வந்தது, பத்து வருடம் வரை சிறை, கூடவே ஓய்வூதியம் போய்விடும் என்ற பயம். நாடு முழுக்கச் செய்தியாகி, 2015 பிப்ரவரியில் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அவர் தப்பித்தது அரசு வழக்கறிஞர் மனம் வைத்ததால். சட்டத்தின் வாசகம் அவருக்குச் சாதகமாக இருந்ததால் இல்லை.

நியூஜெர்சியிலும் விலக்குகள் உண்டு. ரேஞ்சுக்கு நேராகப் போய்த் திரும்புவது, வேட்டைக்குப் போவது, அனுமதி பெற்ற கண்காட்சிக்குப் போவது. குண்டு நீக்கி, மூடிப் பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோ வைத்து, வழியில் தேவைக்கு மேல் சுற்றாமல். அந்தப் பட்டியலில் "கல்லூரி நண்பனிடம் காட்டுவது" கிடையாது. அவர் வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றோ, பரிசாகத் தரலாம் என்றோ தோன்றினால் இன்னும் மோசம். கைத்துப்பாக்கி வாங்கும் பெர்மிட் இல்லாமல் அவர் அதை வாங்கிக்கொண்டால் அவரும் மாட்டுவார். எடிசன் நண்பர் கிரீன் கார்டுக்காரராக இருந்தாலும், அமெரிக்க பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இதற்கு வழி இருக்கிறது. நண்பரை இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கள். எடிசனிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலை ஏறி 78ஐப் பிடித்தால் ஃபிலிப்ஸ்பர்க், அங்கே டெலவேர் ஆறு, பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியாவின் ஈஸ்டன். அங்கிருந்து மேற்கே 78, 81 வழியாக ஹாரிஸ்பர்க், அப்புறம் கெட்டிஸ்பர்க். பாதி நாள் பயணம். ரேஞ்சிலேயே காட்டினால் அவரும் ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாம். அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியே ஆக வேண்டும் என்று உங்கள் மனைவி சொன்னால், ரிவால்வர் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். எடிசன் போனால் பிள்ளைகள் சுதந்திரதேவி சிலையைப் பார்க்காமல் விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நியூயார்க் மாநிலச் சட்டத்தில் கேப் வைத்துச் சுடும் பழைய ரிவால்வர் 'பழங்காலத் துப்பாக்கி' ஆவது குண்டு நிரப்பாமல் இருக்கும்வரைதான். அங்கே 'நிரப்பிய துப்பாக்கி' என்பதற்கு, துப்பாக்கியையும் அதைச் சுடுவதற்கான மருந்து, குண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் வைத்திருந்தாலே போதும் என்று பொருள். தனித்தனிப் பையில் இருந்தாலும் சரி. நியூயார்க் நகரத்துக்குத் தனி லைசென்ஸ் வேறு. நினைத்தே பார்க்காதீர்கள்.

கேரியிலிருந்து கெட்டிஸ்பர்க் போவது இவ்வளவு சிக்கலில்லை. 85, 95 பிடித்து ரிச்மண்ட் தாண்டி, வாஷிங்டன் பக்கம் போகாமல் யுஎஸ் 15க்கு மாறிவிடுங்கள். லீஸ்பர்க், பாயின்ட் ஆஃப் ராக்ஸில் பொடோமாக் ஆறு, ஃப்ரெடரிக், கெட்டிஸ்பர்க். ஐந்தாறு மணி நேரம். ஜிபிஎஸ் "இருபது நிமிடம் மிச்சம்" என்று வாஷிங்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே சாலைக்கு இழுத்தாலும் போகாதீர்கள். அதில் வரும் வில்சன் பாலமே வாஷிங்டனின் தெற்கு முனையைத் தொட்டுத்தான் போகிறது. டிக்கியில் ரிவால்வரை வைத்துக்கொண்டு வெள்ளை மாளிகை முன் பார்க்கிங் தேடும் வேலை வேண்டாம்.

வர்ஜீனியாவில் மறைத்து எடுத்துச்செல்வது பற்றிய சட்டம் வெடித்துக் குண்டைத் தள்ளும் எல்லாவற்றையும் பிடிக்கும். ஆனால் சொந்த வண்டியில் மூடிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தால் விலக்கு உண்டு. மேரிலாந்தில், கைத்துப்பாக்கி குண்டு நீக்கி மூடிய உறைக்குள் இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே கொண்டுபோகலாம் என்றும் பட்டியல் உண்டு, சுடும் பயிற்சி அதில் ஒன்று. பழைய மாடல் என்ற வாதத்தை நம்பாமல் இந்த விதிப்படியே நடந்துவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் சரியாக இருக்கும்.

பென்சில்வேனியா நான் தொழில் செய்யும் ஊர். இங்கே பழங்காலத் துப்பாக்கிகளுக்கும் நகல்களுக்கும் மாநிலச் சட்டம் விலக்குத் தருகிறது, ஆனால் மறைத்து எடுத்துச்செல்லும் இடத்தில் அந்த விலக்கு நின்றுவிடுகிறது. இடுப்பில் சட்டைக்குள் சொருகினால் அது 1860ஆ 2020ஆ என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரேஞ்சுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் குண்டு நீக்கி வைத்திருந்தால் அதற்கென்று தனி விலக்கு உண்டு. ரேஞ்சு கிளப்பின் அழைப்பு மெயிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்காகப் போகிறீர்கள் என்பதைக் காட்ட அதைவிட எளிய ஆதாரம் இல்லை.

இன்னொன்று: போர்க்களப் பூங்காவின் பார்வையாளர் மையத்தை ஃபெடரல் கட்டடமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் கட்டடத்துக்குள் தடைசெய்யப்பட்டது 'துப்பாக்கி' மட்டுமல்ல, உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய எந்த ஆயுதமும். பழம்பொருள் என்ற வாதம் அந்த வாசலில் செல்லாது. பூங்காவில் சுடவும் கூடாது. லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் மேலே ரிவால்வரோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இருந்தால், ரேஞ்சிலேயே அதை முடித்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வரைப் பெட்டியில் வைத்துக் கட்டும் முறைக்கு வருகிறேன். போலீஸ்காரர் ஒருவர் திறந்து பார்க்கும்போது, பத்தே வினாடியில் அவருக்கு நிம்மதி வர வேண்டும், அதுதான் அளவுகோல். 1860 ஆர்மியில் அது சுலபம். குழலின் குறுக்கே ஓடும் ஆப்பை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி எடுத்தால் குழல் முன்பக்கமாகக் கழன்று வரும். சிலிண்டர் கையோடு வந்துவிடும். ஆறு அறைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்னால் கேப் மாட்டும் முளைகளின் ஓட்டை வழியாக ஊசிமுனை வெளிச்சம் ஆறும் தெரிய வேண்டும். தெரிந்தால் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. "கேப் மாட்டவில்லை, அதனால் லோட் ஆகவில்லை" என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். வேட்டை விதிகளில் அப்படிச் சில மாநிலங்கள் ஏற்கும். எல்லா மாநிலமும் எல்லா நோக்கத்துக்கும் ஏற்காது. அறை முழுக்கக் காலியாக இருக்கட்டும். ரிவால்வரின் மீதிப் பாகத்தைப் பூட்டிய கடினப் பெட்டியிலும் சிலிண்டரைத் துணி சுற்றி வேறு பையிலும் வையுங்கள். இரண்டும் டிக்கியில். கிளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடி, குழந்தையின் டயப்பர் பை, எதுவும் கூடாது.

குழலின் பக்கவாட்டில் இத்தாலியச் சோதனைச்சாலை முத்திரைகள் இருக்கும். அவற்றில் 'பிஎன்' என்று இரண்டு எழுத்து பாருங்கள். 'போல்வெரே நேரா', இத்தாலியில் கருமருந்து. கூடவே 'பிளாக் பவுடர் ஒன்லி' என்று பொறித்திருக்கும். இரண்டும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு ஒரு கோப்பில் வையுங்கள். கோப்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மருந்தைப் பற்றி. நம் ஊர்க் கோயில் வெடி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கருமருந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருள். நவீன மருந்தைவிடச் சீக்கிரம் பற்றும். அது வந்த டப்பாவிலேயே, மூடி இறுக்கி, வெயில் படாமல் இருக்கட்டும். கேப் டப்பா வேறு பையில், தள்ளி. தீபாவளித் துப்பாக்கியில் வைப்போமே பொட்டு கேப், அதன் பெரியண்ணன் இது, நசுங்கினாலே வெடிக்கும். ஃபெடரல் சட்டத்தில் வெளிநாட்டவர் வெடிபொருள் வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு, கிரீன் கார்டு இருந்தால் ஒழிய. கடையில் வாங்கும் கருமருந்துக்கு 50 பவுண்டு வரை விலக்கு, அதுவும் பழங்காலத் துப்பாக்கியில் விளையாட்டுக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் என்றால். ஆக, அதை எடுத்துப் பிள்ளைக்குப் புஸ்வாணம் செய்து காட்டினால் விலக்கு போச்சு. ரேஞ்ச் நண்பரிடமே ஒரு நாளைக்குத் தேவையான மருந்தை வாங்கிக்கொள்ள முடிந்தால் இந்தப் பாராவே உங்களுக்கு வேண்டாம்.

கிளம்பும் நாள் ஞாயிறு என்றால் ஒரு எச்சரிக்கை. "போகிற வழியில் பாப்பாவைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு" என்ற யோசனை வேண்டாம். நம் தமிழ்ப் பள்ளிகள் பலவும் நடப்பது வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில். பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கி என்பது பல மாநிலங்களில் தனிக் குற்றம். கார் பார்க்கிங்கும் வளாகம்தான்.

வழியில் போலீஸ் நிறுத்தினால், கை ஸ்டியரிங்கில், குரல் தணிவாக. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால், "மன்னிக்கவும், சம்மதமில்லை" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். சாலையோரத்தில் நின்று 1968 சட்டத்தைப் பற்றி அவருக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். அந்த வகுப்பை நீதிமன்றத்தில் எடுக்கத்தான் எங்களுக்குக் கட்டணம் தருகிறீர்கள்.

நான் இவ்வளவு பயமுறுத்துவது சிறைக்காக மட்டுமில்லை. குடிமகனுக்கு ஒரு கைது என்றால், வழக்கு தள்ளுபடியான அன்றே கதை முடிந்தது. உங்களுக்கு முடியாது. அடுத்த முறை விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவம், எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கும். தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. கிரீன் கார்டுக்கான ஐ-485ம் அப்படியே. "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் பதிவே அழிந்துவிடும்" என்று உள்ளூர் வக்கீல் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொல்வார். குடியேற்றச் சட்டத்தில், ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்தாலே அது தண்டனைக் கணக்கு. பிறகு அழிந்ததெல்லாம் அங்கே செல்லாது. குடியேற்றம் தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்தலாம் என்ற பிரிவு, கிரீன் கார்டுக்காரர்களையும் விடாது. அதில் ஒரு ஆறுதல் உண்டு: அந்தப் பிரிவு ஃபெடரல் வரையறையைத்தான் பயன்படுத்துகிறது. மாநிலம் உங்கள் ரிவால்வரைத் துப்பாக்கி என்று தண்டித்தாலும், "ஃபெடரல் சட்டப்படி இது பழம்பொருள்" என்று குடியேற்ற நீதிமன்றத்தில் வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அதை எழுப்பி நிரூபிக்க வேண்டியது வெளிநாட்டவர்தான் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2010இல் தீர்ப்புச் சொன்னது. கோப்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். முத்திரைப் படம், ரசீது, தயாரிப்பாளரின் விவரத்தாள் எல்லாம் அதில் இருக்கட்டும். துப்பாக்கி போலீஸ் கிடங்குக்குப் போன பிறகு படம் எடுக்க முடியாது.

விமானம். ரிவால்வரைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது, நகலும் அப்படித்தான். செக்-இன் பெட்டியில், குண்டு நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்துக் கொண்டுபோகலாம். கருமருந்தும் கேப்பும் செக்-இன்னிலும் கூடாது. போகும் ஊரில்தான் வாங்க வேண்டும். எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு, துப்பாக்கியை முறையாக அறிவித்துப் பறந்த ஒருவர் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை திரும்ப அறிவித்தபோது கைதானார். ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 926ஏ காப்பாற்றாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கையில் இருந்தது ஃபெடரல் சட்டம் ஒப்புக்கொள்ளும் அசல் துப்பாக்கி, அந்தக் கேடயத்துக்கே உரியது. உங்களுக்கு அந்தக் கேடயமும் இல்லை. நெவார்க், ஜேஎஃப்கே, லகார்டியா மூன்றும் வராத டிக்கெட்டாகப் பாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் மாட்டிவைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். அங்கே நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம் கேட்பார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கண்ணில் உங்கள் இத்தாலிய நகல் சுடக்கூடிய துப்பாக்கி. இறக்குமதி உரிமம் இல்லாமல் சென்னை சுங்கத்தைத் தாண்டாது.

பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமை பற்றிய நியூயார்க் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து கிழக்குக் கரை மாநிலங்கள் துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா மூன்றுக்கும் மாநிலப் போலீசின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈஸ்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எடிசன் நண்பர் சட்டம் படிக்க வேண்டியதில்லை; காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

சிலிண்டர் ஆர்டர் ரத்தானதும் அந்த மெயிலையும் அச்செடுத்துக் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.